முதல் பாதைக்கு நேரமிருந்தது

தம்பி,

நமக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் செத்து முப்பத்தொன்றன்று பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது, கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியபடியே கேட்டாய்: "அக்கா, அண்டைக்கு ஏன் எழும்பிப் போன நீங்க?" உன் கூத்து அரங்கேற்றத்தில் நான் பாதியில் எழும்பிப் போனதைப் பற்றி இத்தனை வருடத்தில் நீ கேட்டது அதுதான் முதல் தடவை. நான் யோசிக்கவே இல்லை. "பாதைக்கு நேரமாகிட்டுது, தெரியும்தானே" என்று சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் பேசவில்லை. கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

வாவியைக் கடக்கிற பாதைப் படகுக்கு நேரமாகவில்லை. முதல் பாதைக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. மண்முனைத்துறையில் இருட்டுக்குள் உன் அத்தானும் நானும் அவருடைய ஆக்களும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் குந்தியிருந்தோம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தச் சாட்டை எந்தக் கூத்துக்கும் புதிதாகச் சொல்ல முடியாது. பழைய கணக்குக்கு மட்டும் அதையே வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நேரில் என்றால் மறுபடியும் பாதையைத்தான் சொல்லுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஊர் பார்த்திருக்க எழும்பிப் போனவள், ஊர் பார்க்கிற இடத்தில்தான் காரணத்தையும் சொல்ல வேண்டும். நம்முடைய ஆக்கள் இதை வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஊர்ப் பேரை எழுதவில்லை. வீட்டு விசயத்தையும் எழுதப்போவதில்லை. அது அம்மாவை வைத்துக்கொண்டு நீயும் நானும் பேச வேண்டியது.

கூத்துப் பார்க்கப் பொறுமை இல்லாதவள் நான் என்று மட்டும் நீ நினைத்துவிடாதே. எட்டு மணிக்குத் தொடங்கும் என்று சொல்லிப் பதினொன்று வரைக்கும் இழுப்பார்கள். முன்னுக்குப் போட்ட கதிரைகள் வரப்போகிற பெரியவர்களுக்கு. பாய் கொண்டுபோன நாங்கள் அவர்களுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு பேச்சு, பொன்னாடை, இன்னொரு பேச்சு. பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு மறைப்பு இருக்காது. நடுச்சாமத்தில் வீட்டுக்குப் போய் வரலாம் என்றால் யானைப் பயம். இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது: ஆடுகிறவன் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து வெளிச்சம் அடிக்கிறார்கள். ஆடுகிற வட்டக்களரிக்கு நடுவே தொங்குகிற மைக்கைப் பற்றி நீயே எத்தனை தடவை ஏசியிருக்கிறாய்! பாட்டுக் கேட்க வேண்டும் என்று எல்லாரும் மைக்குக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டு நிற்க, வட்டம் வட்டமாகவே இருப்பதில்லை.

ஆனாலும் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோசம் ஒன்றும் இருந்ததில்லை. கச்சான் சுருளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, நித்திரை வந்தால் பாயில் சரிந்து, சதங்கை கேட்டால் எழும்பி, "இப்ப ஆர் வந்திருக்கிற?" என்று பக்கத்தில் இருக்கிறவளைக் கேட்டு, அவள் சொல்கிற கதையில் பாதியும் களரியில் பாதியும் பார்த்து... வீட்டில் ஒருநாளும் அப்படி நான் நித்திரை கொண்டதில்லை, அப்படி விழித்ததும் இல்லை. வட்டக்களரியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆடுகிறவன் நாலு பக்கமும் திரும்பி ஆடியாக வேண்டும். நாலில் ஒரு தடவை அவன் எனக்கு மட்டும் ஆடுவான். எந்தக் கதிரைக்காரரும் அதைத் தடுக்க முடியாது.

கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு ஒரு தடவை கூத்துப் பார்க்கப் போனேன் என்று சொன்னதற்கு நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். விடிய விடிய ஆட வேண்டியதை அரைகுறையாக்கிவிட்டார்கள் என்றாய். அது நேற்றுத் தொடங்கிய சண்டையா? 1960களிலேயே பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனை மாணவர்களை வைத்துக் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். அதில் ஆடிய மாணவர்தான் நம்முடைய மௌனகுரு சேர். அவர்கள் அதைச் செய்திருக்காவிட்டால், படித்த ஆக்கள் கூத்தை இன்னும் கொஞ்சக் காலம் காட்டான் ஆட்டம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். கைப்பிள்ளையோடு இருக்கிறவளால் ஒரு ராத்திரி முழுக்க இருக்க முடியுமா? அவளுக்கும் கூத்து வேண்டும். அதோடு, அன்றைக்கு நான் பார்த்தது பொம்பிளைப் பிள்ளைகள் சதங்கை கட்டி ஆடியதை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தொண்டை அடைத்தது எதற்கு என்று நீ கேட்கவில்லை.

இப்போது கேட்காமலே சொல்கிறேன். அண்ணாவியார் ஆளாளுக்கு வேசம் பிரித்துச் சட்டம் கொடுத்த அன்று சுபத்திரையின் பாட்டு எழுதிய கொப்பியோடு நீ வீட்டுக்கு வந்தாய். உனக்கு அது பாடமாக இரண்டு மாதம் எடுத்தது. எனக்கு ஒரு கிழமை. தேங்காய் துருவிக்கொண்டும் முற்றம் கூட்டிக்கொண்டும் நான் முதல் அடியை எடுத்துத் தர, நீ அடுத்த அடியைப் பிடிப்பாய். பெண்கள் பக்கம் திரும்பி ஆடுகிறபோது கையை எங்கே வைப்பது, சேலைத் தலைப்பை எப்படி இழுத்துச் செருகுவது, இடுப்பில் குடம் இருக்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து எப்படி நடப்பது, எல்லாம் அந்த முற்றத்தில் என்னைப் பார்த்துப் பழகியதுதான். அந்த வருடம் எனக்குச் சாப்பாடு இறங்கியதே அந்தக் கொப்பியால்தான். ஆனால் சதங்கை அணிந்தது நீ. காலுக்குத் தண்ணீர் ஊற்றித் துணி சுற்றிக் கட்டிவிட்டது நான். பொம்பிளைப் பிள்ளைக்கு அண்ணாவியார் சட்டம் கொடுக்கமாட்டார். கேட்டுப் பார்ப்போம் என்று நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணாவியார் போய்விட்டார், அவரைக் குறை சொல்ல இது நேரம் இல்லை, மத்தளத்தை அவரைப் போலத் தொட இனி ஆளும் இல்லை. உன்னைத்தான் சொல்கிறேன்.

சரி. அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

நாங்கள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உன் அத்தானுடைய ஆக்களை அரங்கேற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான். என் தம்பி ஆடுகிறான் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். பையில் உனக்குச் சால்வை இருந்தது. மஞ்சள் கரை போட்டது. பொலித்தீனும் பிரிக்கவில்லை, விலை ஒட்டிய துண்டை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்திருந்தேன். உன் கூத்து முடிகிற நேரம் மாமியோடு களரிக்குள் ஏறி உனக்குப் போர்த்த வேண்டும் என்று இருந்தேன்.

உன் வரவு வந்தபோது மாமி என் தொடையில் தட்டினா. "புள்ள, இது உன்ட நடையெல்லோ!" நான் சிரித்தேன். எனக்குப் பெருமை. எதிர்ப்பக்கம் பாயில் இருந்த நம்முடைய ஊர்ப் பெண்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மேடை என்றால் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்திருப்போம். வட்டக்களரியில் ஆடுகிறவனைத் தாண்டி எதிரில் இருக்கிற முகம் தெரியும். நம்முடைய முகமும் அவர்களுக்குத் தெரியும்.

நாலு மணிக்கு அபிமன்யு விழுந்தான். அந்த நேரத்துக் கூத்து வேறு மாதிரி. ராத்திரி முழுக்க விழித்த கண்ணுக்குத் தற்காப்பு ஒன்றும் மிஞ்சியிருக்காது. கல்லடியில் அதே பகுதியை ஆறு மணிக்கு ஆடிக்காட்டினால் நல்ல ஆட்டம் என்றுவிட்டுப் பஸ்ஸில் ஏறியிருப்பேன். கரப்புடுப்புக் கட்டிய ராசா வேசக்காரர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள். பிற்பாட்டுக்காரர்களின் குரல் அடைத்துப் போயிருந்தது. நீ வந்து பாட்டை முடித்தாய். ஆட்டம் எடுக்க வேண்டிய இடத்தில் நீ ஆட்டம் எடுக்கவில்லை. குந்தினாய். இரண்டு காலிலும் சதங்கை ஒரு தடவை மட்டும் சத்தம் போட்டது. அண்ணாவியார் மத்தளத்தை அடிக்காமல் தோலில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நீ களரி மண்ணைத் தடவினாய். ஒரு சின்னத் துணியை விரித்து, அதில் சுருக்கம் எடுக்கிறது மாதிரி. மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. பிறகு ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மடித்தாய்.

அதற்கு முந்தின வருடம் நடந்ததை இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும். ஆசுப்பத்திரியால் வந்த பிறகு, உள்ளறையில், அந்தப் பாயில், நான் அப்படித் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தது ஒரேயொரு ஆள். அழுதால்தானே ஆக்கள் வருவார்கள்? நான் அழவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு நீ வாசலில் நின்றாய். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. தேத்தண்ணி ஆறும் வரைக்கும் நின்றாய். அதை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன், தம்பி. அந்த நாளில் என்னைத் தனியே விடாமல் நின்றது நீ மட்டும்தான்.

அதைத்தான் நீ நானூறு ஐந்நூறு சனத்துக்கு நடுவில் விரித்துப் போட்டாய்.

எதிர்ப்பக்கத்துப் பெண்களின் கண் உன்னைப் பார்த்தது, பிறகு தூக்கி என்னைப் பார்த்தது. அவர்களுக்குப் பாயைத் தெரியாது, ஆனால் நடை என்னுடையது என்று தெரியும், எனக்கு என்ன நடந்தது என்றும் தெரியும். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்தாள். மாமி என் தொடையில் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டா. அந்தக் கையை அவ எடுத்ததும் நான் எழும்பிவிட்டேன். பையைத் தூக்கினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆக்களின் காலை மிதித்துக்கொண்டு போனேன். உன் அத்தான் பின்னால் ஓடிவந்து "என்ன, என்ன?" என்று கேட்டபோதுதான் "பாதைக்கு நேரமாகுது" என்று முதல் தடவை சொன்னேன்.

நீ என்னைப் பார்த்தாய் என்று பிறகு அம்மா சொன்னா. குந்தியபடியே தலையைத் தூக்கிப் பார்த்தாயாம். பிறகு எழும்பி ஆடி முடித்தாயாம். யாரும் உனக்குச் சால்வை போர்த்தவில்லை என்று சொல்லி அம்மா அழுதா. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஒன்றுக்கு எந்தச் சாட்டும் இல்லை. ஆட்டம் நடக்கிறபோது இரத்த உறவு எழும்பிப் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் நீ என்னிடம் கேட்டிருக்க வேண்டும். அந்த முற்றத்தில் எத்தனை ராத்திரி இருந்தோம். "அக்கா, இப்படிச் செய்யப்போறன்" என்று ஒரு தடவை சொல்ல உனக்கு நேரம் கிடைக்கவில்லையா? அரங்கேற்றத்துக்கு முன் ஒத்திகையாக அடுக்குப் பார்த்த அன்றும் நீ அதைச் செய்யவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்படியென்றால் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாயா, இல்லை அந்த நேரத்தில் கை தானாகப் போனதா? இதை நான் உன்னிடம் கேட்காமலே இத்தனை வருடம் இரண்டு பதிலையும் மாறி மாறி நம்பியிருக்கிறேன். ஒரு நாள் திருடன் என்பேன். ஒரு நாள், எனக்காக அழுவதற்கு இவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை என்பேன். ஆம்பிளைப் பிள்ளை நீ, உனக்கு யார் அழ இடம் தந்தார்கள்? அந்தச் சேலையும் சதங்கையும்தானே தந்தன.

இந்த அறுவடை முடிய நீ சட்டம் கொடுக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அண்ணாவியாரின் மத்தளம் உன்னிடம் வந்திருக்கிறது என்றும் சொன்னார்கள். அதே கூத்து என்றார்கள். சுபத்திரைக்குப் பதினெட்டு வயதுப் பெடியன் ஒருத்தனாம். பேசிப் பார், ஒரு பெட்டைக்குக் கொடுக்க ஊர் சம்மதித்தால் கொடு. சம்மதிக்காவிட்டாலும் நீ கேட்டாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நான் வருகிறேன். அரங்கேற்றத்துக்கு மட்டும் இல்லை, சட்டம் கொடுக்கிற அன்றே வருகிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு வருவேன், பாலத்தால் வந்தால் கால் மணித்தியாலம்தானே. வாழி பாடி முடியும் வரைக்கும் இருப்பேன். சால்வை இன்னும் பொலித்தீனுக்குள்தான் இருக்கிறது, மடிப்பில் கொஞ்சம் நிறம் மங்கியிருக்கிறது.

ஒன்று மட்டும். அந்தப் பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, மண்ணைத் தடவுகிற அந்த இடத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்றால் சரியாகச் சொல்லிக்கொடு. அன்றைக்கு நீ உள்ளங்கையால் தடவினாய். நான் தடவியது புறங்கையால். வேலை செய்து என் உள்ளங்கை சொரசொரத்துப் போயிருந்தது. அந்தத் துணி மெல்லிசு, இழை இழுபட்டுவிடும்.

அக்கா