அடூர் படங்களோட ஒரு வருசம்: செங்கோட்டை திரைப்படச் சங்கத்து 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சி, பொருளாளர், கமிட்டிக்காரங்க, உறுப்பினர்கள், குழந்தைகளோட வந்திருக்கிற அக்காமாரு எல்லாருக்கும் வணக்கம். செயலாளர்ங்கிற முறையில இந்த வருசத்து அறிக்கைய வாசிக்கேன். வரவு செலவு கணக்கை பொருளாளர் தனியா வாசிப்பார், அதனால பணம் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. சந்தா பாக்கி இருக்கிறவங்க மட்டும் கூட்டம் முடிஞ்சதும் அவர பாத்துட்டுப் போங்க.

போன பொதுக்குழுவுல ஒரு தீர்மானம் போட்டோம், ஞாபகம் இருக்கும். மாசாமாசம் கையில கிடைச்ச படத்த போடுறத நிப்பாட்டிட்டு, ஒரே ஒரு டைரக்டர எடுத்து முதல் படத்துல இருந்து கடைசி படம் வரைக்கும் வரிசையா பாப்போம்னு. பேரு கேட்டப்போ ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, கடைசில மலையாள டைரக்டர் அடூர் கோபாலகிருஷ்ணன்னு முடிவாச்சு. நம்ம தாலுகா 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்லயும் பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்தது, இன்னைக்கும் பாதி வீட்டுக்கு புனலூர்லயோ கொல்லத்துலயோ சம்பந்தம் இருக்கு, பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த ஊருங்க. அடூர் புனலூருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரந்தான், அவரு 1941ல அங்கதான் பொறந்தாரு. இன்னொரு விசயம் நம்மள்ல பலருக்கு தெரியாது, அவரு டிகிரி படிச்சது திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்துல, படிச்சு முடிச்சு அந்தப் பக்கமே கவர்மென்ட் வேலையும் பாத்துட்டு 1962ல வேலைய விட்டுட்டு பூனா பிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவரு. 1965ல திரும்பி வந்து சித்ரலேகான்னு பிலிம் சொசைட்டி ஆரம்பிச்சாரு, கேரளாவுலயே முதல் பிலிம் சொசைட்டி அதுதான். படம் எடுக்கிறதுக்கு முன்னாடி படம் பாக்குற ஆளுங்கள உருவாக்கணும்னு நெனச்ச மனுசன் அவரு, நம்மள மாதிரி சின்ன ஊர் சங்கத்துக்கு இதவிட பொருத்தமான ஆளு கிடையாதுன்னு எனக்கு அப்பவே பட்டுச்சு.

1972ல வந்த சுயம்வரத்துல இருந்து 2016ல வந்த பின்னேயும் வரைக்கும் மொத்தம் 12 கதைப்படம். 44 வருசத்துல 12தான். நமக்கு 12 மாசம், கணக்கு சரியா போச்சு. டாக்குமென்டரிகளுக்கு நேரம் இல்ல, அத விட்டுட்டோம்.

சுயம்வரத்துக்கு கூட்டம் நல்லா வந்தது, நடிகை சாரதாவுக்காக வந்த பெரியவங்க நெறய பேரு. வீட்ட விட்டு ஓடி வந்த ஒரு ஜோடி ஊருல வேலை கிடைக்காம கொஞ்சங்கொஞ்சமா கீழ இறங்குற கதை, முதல்ல அந்த பஸ் பயணம் வசனமே இல்லாம நீண்டு போகும், பின் வரிசையில ரெண்டு மூணு பேரு போனை எடுத்துட்டாங்க. ஆனா கடைசில சாரதா கதவையே பாத்துட்டு இருக்கிற அந்த இடத்துல ஹால்ல ஒரு சத்தம் இல்ல. அந்தப் படத்துக்கு சிறந்த படம், இயக்குநர், நடிகை, ஒளிப்பதிவுன்னு நாலு தேசிய விருது. கேமரா மங்கட ரவிவர்மா, அடுத்து வந்த பல படத்துக்கும் அவருதான். மியூசிக் எம்.பி.சீனிவாசன், நம்ம தமிழ்க்காரரு, சென்னையில யூத் கொயர்னு சேர்ந்து பாடுற குழு நடத்துனவரு, எலிப்பத்தாயத்துக்கும் அவருதான். தமிழ்நாட்டுல இவரப் பத்தி யாரும் பேசுறதே இல்லங்கிறது எனக்கு பெரிய வருத்தம்.

ரெண்டாவது கொடியேற்றம், 1977. கோவில் கொடை, திருவிழான்னு எங்க கொடி ஏறினாலும் போய் நிக்கிற, சாப்பாட்டுல மட்டும் கவனமா இருக்கிற ஒரு வெள்ளந்தி, கல்யாணம் ஆன பிறகும் வீட்டுல நிக்காதவன், கடைசில லாரி கிளீனரா போய் ஆளாகுறான். பின்னணி இசையே கிடையாது, லாரி சத்தம், செண்டை, மழை இதுதான். புளியரை செக்போஸ்ட் வழியா வாழ்நாள் பூரா லாரி ஓட்டுன நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தர் படம் முடிஞ்சதும் எந்திரிச்சு, அந்த டிரைவரும் கிளீனரும் பேசிக்கிற தோரணை அப்படியே இருக்குன்னு சொன்னாரு, வேற விமர்சனம் ஒண்ணும் சொல்லல. அந்த வெள்ளந்தியா நடிச்ச கோபிக்கு தேசிய விருது கிடைச்சது, பரத் கோபின்னு பேரு நின்னதும் அதுக்கப்புறந்தான்.

இனி எலிப்பத்தாயம், அதாவது எலிப்பொறி. இதப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லுதேன், ஏன்னா என் அபிப்பிராயத்துல இந்த 12ல உச்சம் இதுதான். 1981ல எடுத்தது, 1982ல லண்டன் திரைப்பட விழாவுல சதர்லேண்ட் டிராபிங்கிற விருது வாங்குனது. ஒரு பழைய தறவாடு, அதாவது பரம்பரைப் பெரிய வீடு, உண்ணின்னு ஒரு அண்ணன், ராஜம்மா, ஸ்ரீதேவின்னு கல்யாணம் ஆகாத ரெண்டு தங்கச்சி, கல்யாணமாகிப் போன ஜானம்மா பங்கு கேட்டு வந்து வந்து போறா. உண்ணி ஒரு வேலையும் செய்ய மாட்டான், எதுக்கெடுத்தாலும் ராஜம்மான்னு கூப்பிடுவான், முற்றத்துல மாடு மேய்ஞ்சா கூட அத விரட்ட தங்கச்சி வரணும். கல்யாண வீட்டுக்குன்னு வெள்ளையும் சொள்ளையுமா குடையோட கிளம்புவான், வழியில தண்ணி தேங்கி கிடக்கும், கொஞ்ச நேரம் நின்னு பாப்பான், அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துருவான். அவ்ளோதான் சீன். வசனம் இல்ல, யாரும் அவன திட்டல. ஆனா அந்த மனுசன் வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரு அடி தண்ணியில தெரிஞ்சு போச்சு. கண்ணாடி முன்னாடி உக்காந்து சின்ன கத்திரிய வச்சு மீசையில நரைச்ச முடிய ஒவ்வொண்ணா வெட்டுவான் பாருங்க, அந்த கத்திரி சத்தம் எனக்கு பல நாள் காதுல இருந்துச்சு.

மூணு பொம்பளைங்களுக்கும் தனித்தனி கலர் குடுத்திருக்காரு, ராஜம்மாவுக்கு நீலம், ஸ்ரீதேவிக்கு சிவப்பு, ஜானம்மாவுக்கு பச்சை. இது அவரோட முதல் கலர் படம், கலரையே ஒரு பாத்திரம் போல நடத்துனாரு. பொறியில மாட்டுன எலிய ஸ்ரீதேவிதான் எடுத்துட்டுப் போய் குளத்துல முக்குவா, கடைசில உண்ணியவே ஆளுங்க தூக்கிட்டுப் போய் அதே குளத்துல போடுவாங்க. நம்ம ஊர்லயும் இப்படி பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் இருக்கு, அதுக்குள்ள இன்னும் யாரோ ஒரு ராஜம்மா சமைச்சுக்கிட்டே இருக்கா, அன்னைக்கு படம் முடிஞ்சு அக்காமாரு பேசுனதெல்லாம் அதப் பத்திதான். நம்ம கலந்துரையாடல்ல பெண் உறுப்பினர்கள் அதிகம் பேசுனதும் அன்னைக்குத்தான், மினிட்ஸ் புக்குல பதிவு பண்ணியிருக்கேன்.

முகாமுகம் 1984ல, பழைய கம்யூனிஸ்ட் தலைவர் செத்துட்டார்னு நெனச்ச ஆளு திரும்பி வந்து குடிச்சுட்டு தூங்கிக்கிட்டே இருக்கிற கதை, கேரளாவுல அப்போ பெரிய சர்ச்சை ஆச்சு, நம்ம ஹால்லயும் அன்னைக்கு சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு. அனந்தரம் 1987, ஒரே பையன் தன் கதைய ரெண்டு விதமா சொல்லுவான், காலேஜ் பசங்களுக்கு ரொம்ப பிடிச்சது அதுதான். மதிலுகள் மலையாள எழுத்தாளர் பஷீர் எழுதுன கதை, மம்மூட்டி பஷீராவே வருவாரு, ஜெயில் மதிலுக்கு அந்தப் பக்கம் நாராயணின்னு ஒரு குரல், முகம் காட்டவே மாட்டாங்க, கேபிஏசி லலிதா குரல். அவ அங்க இருக்கான்னு காட்ட ஒரு குச்சிய மேல எறிவா, அது மதிலுக்கு மேல எழும்பி விழுறது மட்டும் நமக்கு தெரியும். பாக்குறவன் கண்ணுக்கு இவ்ளோதான் குடுத்து ஒரு காதல் கதை சொல்ல முடியும்னு வேற யாராவது நம்பியிருப்பாங்களா? நாராயணிக்கு ரோஜாச் செடி குடுத்தவனுக்கு விடுதலை வந்து நிக்கும், அந்த விடுதலை அவனுக்கு வேண்டாம். அன்னைக்கு அழாம வீட்டுக்குப் போனவங்க ரொம்ப கம்மி.

விதேயன் 1993ல எடுத்தது, சக்கரியா எழுதுன கதை, கர்நாடகா பக்கம் குடியேறுன மலையாளி தொம்மியும் அவன அடிச்சு மிதிக்கிற பட்டேலர்ங்கிற பண்ணையாரும். பொண்டாட்டிய பட்டேலர் கெடுத்ததுக்கு முதல்ல கோபப்பட்ட தொம்மி, பிறகு அவ மேல இருந்து வர்ற பட்டேலரோட சென்ட் வாசனைய ரசிக்க ஆரம்பிப்பான். அந்த இடத்த பாக்கவே முடியல, ஆனா அடிமைத்தனம் மனசுக்குள்ள எப்படி இறங்குதுன்னு இதவிட நேரா யாரும் காட்டுனதில்ல. மம்மூட்டிய ரசிக்க வந்த பசங்க அவர வெறுத்துட்டுப் போனாங்க, அது அவரோட வெற்றி. தொம்மியா நடிச்ச எம்.ஆர்.கோபகுமாருக்கு இன்னும் பெரிய பேரு கிடைச்சிருக்கணும்.

இத்தனையும் வரிசையா பாத்த பிறகு எனக்கு தெளிவானது ஒண்ணு. ஒரு மனுசன ஒரு இடத்துல அடைச்சு வச்சு, அது வீடோ ஜெயிலோ எசமானோட நிழலோ, அவன் ஏன் அதுல இருந்து வெளிய வர மாட்டேங்கிறான்னு காது குடுத்து கேக்கும்போது அடூர தொட ஆளு கிடையாது. பல வருசத்து சரித்திரத்த ஓட்டிக் காட்டணும்னு வரும்போது பிடி தளருது. 1995ல வந்த கதாபுருஷன் தேசிய அளவுல சிறந்த படம்னு விருது வாங்குனது, மரியாதையா எடுத்த படந்தான், ஆனா ஒரு ஆளு வாழ்க்கையோட நாட்டு வரலாறையும் சேத்து சொல்லப் போய் ஒவ்வொண்ணையும் தொட்டுட்டுத் தொட்டுட்டுப் போயிருது. எழுத்தாளர் தகழியோட கதைகள வச்சு எடுத்த நாலு பெண்ணுங்கள், ஒரு பெண்ணும் ரெண்டாணும் ரெண்டுலயும் சில பகுதி அருமை, சில பகுதி சும்மா வந்து போகுது. பின்னேயும் பத்தி நம்ம தலைவர் அண்ணாச்சிக்கு வேற கருத்து, நான் என் கருத்த சொல்லுதேன், அது தோல்விப் படம். இன்சூரன்ஸ் மோசடி, கொலைன்னு கதை ஓட வேண்டிய இடத்துல ஆளுங்க மேடை நாடகத்துல நிக்கிற மாதிரி நிக்காங்க, பேச்சுல உயிர் இல்ல, முன்னாடி ஒரு கத்திரி சத்தத்துல சொன்னத இதுல பக்கம் பக்கமா வசனத்துல சொல்லுதாங்க.

நிழல்குத்து படத்த வரிசை மாறி கடைசில வச்சிருக்கேன், காரணம் இது நம்ம படம். 2002, மியூசிக் இளையராஜா. 1940கள்ல திருவிதாங்கூர் எல்லையில ஒரு ஆராச்சார், அதாவது தூக்குப் போடுறவரு. காளியப்பன், சம்சாரம் மரகதம், மகன் முத்து, பேர கேட்டதுமே யாரு எவருன்னு நமக்கு தெரிஞ்சு போகும். ராஜா குடுத்த நிலத்துல இருக்காரு, தூக்குப் போட்ட கயிறு பூசை அறையில தொங்கும், நோய்னு வர்றவங்களுக்கு அதுல ஒரு துண்ட எரிச்சு சாம்பல நெத்தியில பூசுவாரு. ராஜா மன்னிப்பு ஓலை அனுப்புவாரு, ஆனா அது தூக்கு முடிஞ்ச பிறகுதான் வந்து சேரும், பாவம் ராஜாவுக்கு ஒட்டக்கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு. அப்போ அந்தப் பாவத்த சுமக்கிறது யாரு? சாராயத்த குடிச்சுக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருக்கிற காளியப்பன். ஜெயில் வார்டர் தூக்கம் வராம இருக்க ஒரு கதை சொல்லுவான், குத்தம் செய்யாத ஒரு பையன் மாட்டுன கதை, கேக்க கேக்க காளியப்பன் மனசுல அந்த கதைக்குள்ள வர்ற பொண்ணு தன் இளைய மகளாவும் கெடுத்தவன் தன் மூத்த மருமகனாவும் மாறிடும். விடிஞ்சா கயித்த இழுக்கணும், இழுக்கப் போறது யாரோட கைன்னு படத்துல பாத்துக்கோங்க, காந்தி வழியில போற மகன் முத்து அங்கதான் நிக்கான். ஒடுவில் உண்ணிகிருஷ்ணன காமெடியா மட்டும் பாத்துப் பழகுனவங்களுக்கு இந்த முகம் அதிர்ச்சி.

இத பாத்துட்டு நம்ம வயசான உறுப்பினர் ஒருத்தர், திருவிதாங்கூர் காலத்த ராமராஜ்யம்னே கேட்டு வளந்தோம், அதுக்கு அடியில இப்படி ஒரு ஆளு இருந்திருக்கான்னு ஒருத்தரும் சொல்லலையேன்னாரு. அந்த ஒரு கேள்விக்காகவே இந்த வருசம் வீண் போகல.

இன்னொரு விசயமும் அறிக்கையில வரணும்னு இளைஞர் உறுப்பினர்கள் கேட்டாங்க, நியாயமான கேள்விதான். கோட்டயத்துல கே.ஆர்.நாராயணன் பேருல இருக்கிற பிலிம் இன்ஸ்டிட்யூட்ல சாதிப் பாகுபாடுன்னு மாணவர்கள் போராடுனப்போ சேர்மனா இருந்த அடூர், அந்த இன்ஸ்டிட்யூட்டோட டைரக்டர் பக்கம் நின்னாரு, 2023 ஜனவரி கடைசில ராஜினாமாவும் பண்ணாரு. தொம்மியையும் காளியப்பனையும் அவ்ளோ கிட்ட இருந்து பாத்த மனுசன் அந்தப் பிள்ளைங்க சொல்லுதத உக்காந்து கேட்டிருக்கணும்னு ஒரு தங்கச்சி எந்திரிச்சு சொன்னா. நான் அத முழுசா ஒத்துக்கிறேன். படங்களோட மதிப்பு எனக்கு குறையல, ஆனா மனசுல ஒரு வருத்தம் நிக்கத்தான் செய்யுது.

நடைமுறை விசயங்கள் சுருக்கமா. படங்கள் எல்லாத்துக்கும் இங்கிலீஷ் சப்டைட்டில்தான் கிடைச்சது. மலையாளம் காதுக்கு புரியும்னாலும் பெரியவங்களுக்கு வேகம் கஷ்டமா இருந்துச்சு, அதனால காலேஜ் படிக்கிற ரெண்டு தங்கச்சிமாரு எலிப்பத்தாயத்துக்கும் நிழல்குத்துக்கும் வீட்டுல உக்காந்து தமிழ் சப்டைட்டில் டைப் பண்ணி, டைம் செட் பண்ணி குடுத்தாங்க, சங்கத்து சார்பா அவங்களுக்கு கையைத் தட்டுங்க. ப்ரொஜெக்டர் பல்பு மங்கிட்டுது, இருட்டு சீன் அதிகம் இருக்கிற படத்துல முகமே தெரியல, மாத்தணும். நூலக மாடி ஹால் சனிக்கிழமை கிடைக்க மாட்டேங்குது, ஞாயிறு சாயந்திரமே தொடரலாம்.

அடுத்த வருசத்துக்கு மலையாள டைரக்டருங்க ஜி.அரவிந்தனா, ஜான் ஆபிரகாமான்னு ரெண்டு யோசனை வந்திருக்கு. ஜான் 1977ல அக்ரகாரத்தில் கழுதைய தமிழ்லயே எடுத்தவருங்கிறதால என் ஓட்டு அவருக்கு, கமிட்டி தனியா கூடி முடிவு பண்ணட்டும். அதுக்கு முன்னாடி தமிழ் சப்டைட்டிலோட நிழல்குத்த புளியரையிலயும் ஆரியங்காவுலயும் ஒரு தடவ போடணும்னு நான் முன்மொழியுறேன், செலவு பத்தி பொருளாளர் பேசுவார். இந்த அறிக்கையையும் இந்த முன்மொழிவையும் ஏத்துக்கிறவங்க கைய தூக்குங்க, எண்ணி மினிட்ஸ்ல எழுதிக்கிறேன்.