கொள்முதல் டெல்லியில், முகாம் வட்டாரத்தில்

ஆசிரியருக்கு,

பெருந்தொற்றுத் தயார்நிலை பற்றிய தலையங்கம், முழு அதிகாரமும் மாநிலங்களுக்கே வேண்டும் என்கிறது. தடுப்பூசிக் கொள்முதலுக்கு அது பொருந்தாது. 2021 மே மாதம் தமிழ்நாடு 3.5 கோடி டோஸ் கொரோனா தடுப்பூசிக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது; ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. ஜூன் 21 முதல் மாநிலங்களின் பங்கையும் மத்திய அரசே வாங்கியது சரியான முடிவு.

ஆனால், தடுப்பூசி முகாமை டெல்லியிலிருந்து திட்டமிட முடியாது. பத்து டோஸ் கோவிஷீல்டு குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டியிருந்தது. ஆறு பேர் மட்டும் வந்தால் நான்கு டோஸ் வீண். நடவு நாளில் ஊரில் ஆளிருக்காது என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத்தான் தெரியும். விலையும் கொள்முதலும் மத்திய அரசிடம், முகாம் அட்டவணையும் குப்பி ஒதுக்கீடும் வட்டார மருத்துவ அலுவலரிடம் என 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.