எங்கள் சண்டைப் படத்துக்குத் தோள் கொடுத்த வன்னி உறவுகளுக்கு

அன்பான உறவுகளே, வணக்கம்.

கனகராயன் ஆற்றில் களவாக மணல் அள்ளும் கும்பலோடு மோதும் ஒரு கராத்தே மாணவனின் கதையைப் படமாக்கி முடித்துவிட்டோம். கையிலிருந்த காசு கமெரா வாடகைக்கே போதவில்லை. சண்டைப் படத்தில் பணம் குறைந்தால், அது நடிக்கும் பிள்ளைகளின் எலும்பில்தான் வந்து விடியும். எங்கள் பிள்ளைகள் முழுசாக வீடு திரும்பினார்கள் என்றால், அது உங்களால்தான்.

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வயலைத் தந்த கமக்காரர்களுக்கு முதல் நன்றி. மாட்டுக்கென்று வைத்திருந்த வைக்கோலை உரச் சாக்குகளில் அடைத்து, வாயைத் தைத்து அடுக்கி, மேலே படங்கு விரித்தீர்கள். டிப்பரிலிருந்து அடியாட்கள் விழுவதற்கு அதுதான் மெத்தை. நாலைந்து பேர் விழுந்தால் சாக்குகள் அமர்ந்துவிடும். ஓர் அம்மா யாரும் கேட்காமலே வந்து, முழங்கையால் அழுத்திப் பார்த்து, வைக்கோல் திணித்த பிறகுதான் அடுத்த பிள்ளையை ஏறவிடுவார். அந்த அம்மாவின் சொல்லை மீறிப் படமெடுக்க எனக்கே துணிவு வரவில்லை.

குத்தை முகத்துக்கு முன்னால் நிறுத்தும் கட்டுப்பாட்டைக் கராத்தே ஆசிரியர் பழக்கினார். கமெராவைத் தோளுக்குப் பின்னால் வைத்தால் இடைவெளி மறைந்துவிடும். ஆனால் அடி வாங்குபவர் அதே கணத்தில் தலையைத் திருப்ப வேண்டும். நொடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் சிறிது பிந்தினாலும் பொய் தெரிந்துவிடும். அந்தக் கணத்தைப் பிடித்துத் தந்தவர் கூத்து அண்ணாவியார். அவர் மத்தளத்தில் தட்டத் தட்ட, குத்தும் விலகலும் தாளத்தில் விழுந்தன. எங்கள் சண்டைக்கென்று ஒரு நடை இருக்கிறது. அது அவர் போட்ட பிச்சை.

இலக்கத் தகட்டை மறைத்துக்கொண்டு டிப்பரைத் தந்த அண்ணா, நேர்மையாகத் தொழில் செய்யும் உங்கள் வாகனத்தைக் கள்ளர் ஓட்டுவதாகக் காட்டச் சம்மதித்தது பெரிய மனது. மின்சாரம் தந்த சனசமூக நிலையத்தாருக்கும், விடியப் புட்டு அவித்துத் தந்த மாதர் சங்கத்து அக்காமாருக்கும் என் நன்றி.

படம் முதலில் உங்கள் சனசமூக நிலைய முற்றத்தில்தான் ஓடும். உங்கள் பெயர்களை நடிகர்களின் பெயர்களுக்கு முன்னால் போட்டிருக்கிறோம், தொடக்கத்துக்கே வந்துவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
இயக்குநர், படக்குழுவினர் சார்பில்