0 முதல் 14 வரை எண் போட்ட முகம்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். காலையில் நீ போனில் பேசியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. "மூணு வருஷம் அலைஞ்சு எழுதின கட்டுரைப்பா. ஒன்பது பேர்தான் மேற்கோள் காட்டியிருக்காங்க. இன்டர்வியூவுல எச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு மட்டும்தான் கேட்டாங்க" என்றாய். ஒருவர் எழுதிய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடுகிற கணக்குதானே அது. நான் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருந்தவனுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

என் மேசைக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பணி ஓய்வு பெற்ற ஒரு டாக்டர் கொடுத்துவிட்டுப் போன பழைய இதழ்கள், பைண்டு செய்தவை, அதில் இருந்தன. 1976-ஆம் வருஷத்துத் தொகுதியை மேசையில் வைத்தால் தானாகவே ஒரே பக்கத்தில் விரிந்துகொள்ளும். முகச் சீரமைப்பு அறுவை செய்த பிரெஞ்சு டாக்டர் பால் டெஸியரின் கட்டுரை. ஒரு முகம் வரைந்து, கண்குழியை நடுவில் வைத்து, பிறவியிலேயே முகத்தில் வருகிற பிளவு எந்தெந்த வழியாக ஓடும் என்று 0 முதல் 14 வரை எண் போட்டிருப்பார். ஜெராக்ஸ் கண்ணாடியில் அழுத்தி அழுத்தி அந்தப் பக்கம் தையல் விட்டுப்போய், நானே மூன்று தடவை ஒட்டியிருக்கிறேன். பி.ஜி. மாணவர்கள் கட்டுரையின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். "சார், அந்த நம்பர் படம்" என்பார்கள்.

இன்றைக்கு நீ கேஸ் ஷீட்டில் 'டெஸியர் 7' என்று எழுதுகிறாய். வாய் மூலையிலிருந்து காதுப் பக்கம் போகிற பிளவு என்று உலகத்தில் எந்த முகச் சீரமைப்பு டாக்டருக்கும் அந்த ஓர் எண்ணிலேயே புரிந்துவிடும். எழுதும்போதெல்லாம் 1976 கட்டுரையை அடிக்குறிப்பில் காட்டுகிறாயா? யாரும் காட்டுவதில்லை. அது உங்கள் பேச்சோடு கலந்துவிட்டது. எந்தக் கணக்கில் அதை ஏற்றுவார்கள்?

நம் தெருவில் உதட்டுப் பிளவோடு குழந்தை பிறந்தபோது, கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று அந்தத் தாயைப் பேசியே கொன்றார்கள். முகம் ஒன்றுகூடுவது கருவின் முதல் இரண்டு மாதத்துக்குள் நடந்து முடிகிற காரியம். வயிற்றில் பிள்ளை இருப்பதே பல பெண்களுக்கு அப்போது தெரிந்திருக்காது. பிளவு ஏன் வந்தது என்பதை டெஸியரின் எண் சொல்லாதுதான். ஆனாலும், இதே பிளவோடு உலகில் வேறு பிள்ளைகளும் பிறக்கிறார்கள், இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அந்தத் தாயிடம் ஒரு டாக்டர் சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

அந்த மனுஷர் எங்கிருந்து தொடங்கினார் என்பதையும் கேள். பிரான்சில் நான்ட் நகரத்துக்குப் பக்கத்தில் எரிக் என்ற ஊரில் 1917-இல் பிறந்தவர். 1950களின் கடைசியில் குரூசான் என்ற பிறவி நோயுள்ள ஓர் இளைஞன் அவரிடம் வந்தான். முகத்தின் நடுப்பகுதி வளராமல் உள்வாங்கி, கண்கள் வெளியே பிதுங்கி நின்றன. நடுமுகத்து எலும்பை மொத்தமாக அறுத்து முன்னுக்குக் கொண்டுவருவதை இங்கிலாந்தில் பிளாஸ்டிக் சர்ஜன் ஹரால்ட் கில்லீஸ் 1942-இலேயே செய்து பார்த்திருந்தார். எலும்பு திரும்பப் பின்னுக்குப் போய்விட்டது. இனி இதைத் தொடவே வேண்டாம் என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். டெஸியர் காய்ந்த மண்டையோடுகளை வைத்து யோசித்தார். பாரிஸில் பிரேதம் கிடைக்காததால், பகல் வேலை முடிந்து ரயிலேறி நான்ட் போய், அங்கே அறுத்துப் பழகினார். கில்லீஸ் அறுத்த இடத்துக்கும் பின்னால் அறுத்து, நகர்த்திய பின் விழுகிற இடைவெளியில் நோயாளியின் சொந்த எலும்பையே வைத்து முட்டுக்கொடுத்தார். முகம் முன்னுக்கு வந்து நின்றது.

அடுத்தது இரண்டு கண்ணும் அளவுக்கு மீறி விலகிப் பிறந்தவர்கள். கண்குழிகளை நெருக்க வேண்டுமானால் மண்டையைத் திறந்து உள்ளேயிருந்து வரவேண்டும். மூளைக்கும் மூக்குக்கும் நடுவே வழி திறந்தால் கிருமி ஏறிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. இப்படிச் செய்யலாமா என்று மூளை அறுவை மருத்துவர் ஜெரார் கியோவிடம் டெஸியர் கேட்டார். "ஏன் கூடாது?" என்றாராம் கியோ.

1967-இல் ரோமில் நடந்த உலக மாநாட்டில் இதையெல்லாம் காட்டினார். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் உனக்குச் சொல்லவேண்டும் என்று இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். பெயர் பரவிவிட்டதே என்று அவர் இருந்துவிடவில்லை. பாரிஸ் பக்கத்தில் இருக்கும் ஃபோஷ் மருத்துவமனைக்கு பிளாஸ்டிக் சர்ஜன்கள், மூளை அறுவை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள், தாடை மருத்துவர்கள் எல்லோரையும் வரவழைத்தார். தான் அறுவை செய்தவர்களைக் கூட்டிவந்து நிறுத்தினார். வந்த டாக்டர்களின் கண்முன்னே அறுவையும் செய்தார். இதைத் தொடரலாமா, நிறுத்திவிடவா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார். தொடரச் சொன்னார்கள். அதன் பிறகு பல நாட்டு டாக்டர்கள் வந்து அவரிடம் கற்றுக்கொண்டு போனார்கள். இன்றைக்கு நீ நிற்கிற துறையே அந்தச் சம்மதத்திலிருந்து வந்தது.

உன் கட்டுரையை நான் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். அறுவை முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பார்த்து, எந்தப் பிள்ளைக்கு வடு இழுத்து வாய் மூலை கோணிப்போயிற்று என்பதையும் மறைக்காமல் போட்டிருக்கிறாய். எனக்கு அந்தப் பக்கம்தான் பெருமை. இன்டர்வியூவில் அதை யாரும் புரட்டவில்லை என்றால் எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது.

அந்த ஒன்பது பேரில் ஒருவர், வாய் கோணிப்போன பிள்ளைகளுக்கு அப்புறம் என்ன செய்தீர்கள் என்று மெயில் போட்டிருந்தார் என்றாயே. பதில் போட்டாயா? வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே எழுது. படங்களையும் சேர்த்து அனுப்பு.

அம்மா கைமுறுக்கும் பருப்புப்பொடியும் கூரியரில் போட்டிருக்கிறாள். வியாழக்கிழமை வந்துவிடும், ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் சொல்லி வை.

அன்புடன்,
அப்பா