கட்டாயம் என்றால் இரு பக்கமும் கட்டாயம்

ஆசிரியருக்கு,

வணக்கம். இன்சூரன்ஸ் இல்லாமல் பைக் ஓட்டினால் அபராதம் போடுகிறார்கள். ஆளுக்கு மருத்துவ இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கினால் என்ன என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பைக்கில் சட்டம் கட்டாயப்படுத்துவது 'தேர்ட் பார்ட்டி' பகுதியை, அதாவது அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீட்டை மட்டும். அதன் பிரீமியத்தைக் கம்பெனி வைப்பதில்லை. இன்ஜின் சிசியைப் பார்த்து மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூனில் அமலான அறிவிப்பில் 75-க்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய், வரி தனி. ஓட்டுகிறவருக்கு வயது 25-ஆ 60-ஆ என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. மருத்துவ பாலிசியில் வயது, சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன் எல்லாம் கேட்பார்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம். எல்லா வயதினருக்கும் கம்பெனிகள் பாலிசி விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும் என்று 2024-இல் இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. ஆனாலும் வருகிற விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் கம்பெனியின் கையில்தான்.

கட்டாயம் வேண்டும் என்போர் சொல்லும் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. நோய் வந்தபிறகு மட்டும் ஆட்கள் சேர்ந்தால் பிரீமியம் ஏறும், ஏற ஏற திடமாக இருப்பவர்கள் விலகுவார்கள், மறுபடி ஏறும். இதைத் தடுக்கத்தான் சுவிட்சர்லாந்து 1996-இல் கட்டாயம் கொண்டுவந்தது. ஆனால் அங்கே அடிப்படைக் காப்பீட்டில் எந்தக் கம்பெனியும் யாரையும் மறுக்கக் கூடாது, லாபமும் பார்க்கக் கூடாது, வருமானம் குறைந்தவருக்கு அரசு கைகொடுக்கும். அமெரிக்காவில் 2014-இல் அபராதத்தோடு கட்டாயம் வந்தபோதும், பழைய நோயைக் காட்டி மறுக்கக் கூடாது என்ற விதி கூடவே வந்தது. 2019 முதல் அந்த அபராதம் பூஜ்யம். கம்பெனிகள் மேலுள்ள விதி மட்டும் நிற்கிறது. நம்மூரில் கட்டாயம் கேட்பவர்கள் வாங்குகிறவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். விற்கிறவரைப் பற்றி மூச்சே இல்லை.

பாலிசி இருந்தால் கவலையில்லை என்பதும் பாதிதான் சரி. 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறை வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருக்கிறார். வாடகை 30,000; டாக்டர், நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் 80,000; மருந்து, இம்பிளாண்ட், டெஸ்ட் 70,000. ஆக பில் 1,80,000. வாடகையில் மட்டும் 15,000 வெட்டுவார்கள் என்று குடும்பம் நினைக்கும். அறை வாடகை வரம்பைப்போல் இரண்டு மடங்கு என்பதால், அதே விகிதத்தில் 80,000-இலும் பாதி போய்விடும். முழுசாகக் கிடைப்பது மூன்றாவது தொகை மட்டும். மொத்தம் 1,25,000 வரும், 55,000 கையிலிருந்து. கையுறை, பஞ்சு வகையறாவுக்கு நாமே கட்டுவது தனி. அட்மிஷன் கவுண்டரில் அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த வெட்டு முடிவாகிவிடுகிறது. அதை அங்கே எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போகலாம், முன்பு 48. இடையில் புதுப்பிக்காமல் கெடு தாண்டினால் அந்த மாதங்கள் வீண், மறுபடி முதலிலிருந்து. ஆண்டுப் பிரீமியம் கட்ட 30 நாள் கெடு உண்டு. ஆனால் கையில் காசு இருக்கும் மாதம் எது? தாமிரவருணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல்லை அறுத்துப் பணம் பார்ப்பது மாசி, பங்குனியில். அடுத்த கார் பருவ நெல் நடவுக்குக் கடன் வாங்கும் ஆனியில் புதுப்பிக்கும் தேதி வந்தால் பாலிசி போய்விடும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு வாரக் கூலி. மொத்தமாக ஒரு தொகை என்பது நகையை அடகு வைக்கும் விஷயம். போகட்டும், சர்க்கரை மாத்திரைக்கும் மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கும் பெரும்பாலான பாலிசிகள் பைசா தராது. படுக்கையில் சேர்ந்தால்தான் தரும்.

உண்மையில் வெளியே நிற்பவர் யார்? ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீடு உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் பதிந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. (கார்டு இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.) தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ-யில் வரும் கம்பெனியில் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு அது உண்டு. மாதம் 12,000 சம்பாதிக்கும் ஆட்டோக்காரருக்கு ஆண்டுக்கு 1,44,000 ஆகிறது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை. கட்டாயம் என்ற சட்டம் முதலில் பிடிக்கப்போவது அவரைத்தான்.

அவரைத் தனியார் கம்பெனியிடம் தள்ளுவதைவிட, வருமானத்துக்கேற்ற பணம் கட்டி முதலமைச்சர் திட்டத்திலேயே சேர வழி திறக்கலாம். வயதுக்கேற்ப விலை இல்லை, மறுப்பும் இல்லை என்று வைத்தால் கட்டாயத்தைக்கூட ஏற்கலாம். இங்குள்ள ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் இத்திட்டத்தில் சிகிச்சை நடந்தால் கிளெய்ம் பணம் அந்த மருத்துவமனைக்கே வருகிறது. இது சின்ன விஷயமில்லை. தவணையை ஆண்டுக்கு இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பிசான அறுவடைக்குப் பிறகும் மற்றதைக் கார் அறுவடைக்குப் பிறகும் வாங்க மாவட்ட நிர்வாகம் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை.