வைரம் போன வீட்டில் சலவைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பழைய துப்பறியும் நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திருடன் யார் என்று தெரிந்துவிட்டால் அந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிற மாதிரி அதில் ஒரு வரி இருந்ததே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நூலகத்தில் ஆங்கில எழுத்தாளர் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' என்கிற துப்பறியும் நாவலை எடுத்தேன். 1868-இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. வீட்டுக்கு வந்து அட்டையைத் திருப்பினால், எனக்கு முன்னால் எடுத்த யாரோ ஒரு மகராசன் திருடன் பெயரைப் பென்சிலால் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்து வைத்திருக்கிறார். வந்த எரிச்சலுக்கு அப்படியே திருப்பிக் கொடுத்திருப்பேன், வெயிலில் மறுபடி நடக்க வேண்டுமே என்றுதான் படிக்க உட்கார்ந்தேன்.

கதையில் வருவது, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த அன்று திப்புவின் ஆயுதக் கிடங்கிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி அடித்துக்கொண்டு போன மஞ்சள் வைரம். அதற்கும் முன்னால் குஜராத்துச் சோமநாதத்துச் சந்திர சாமியின் நெற்றியில் இருந்த கல் என்று கதை சொல்கிறது. அது 1848 ஜூன் 21 அன்று யார்க்ஷயரில் ஒரு பெரிய வீட்டுப் பெண்ணுக்கு 18-ஆவது பிறந்தநாள் பரிசாக வருகிறது, விடிவதற்குள் காணோம்.

திருடன் பெயர் தெரியாமல் படித்திருந்தால் நானும் அந்தக் கல் எங்கே என்றுதான் தேடிக்கொண்டு போயிருப்பேன். தெரிந்து படித்ததால், அந்த வீட்டில் யார் யாரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் கண் போனது. உள்ளூர் போலீஸ் அதிகாரி வந்ததும் பிடிப்பது வேலைக்காரர்களை. புதுச்சாயம் பூசிய கதவில் ஒரு ஈஷல் இருக்கிறது, வேலைக்காரிகளின் பாவாடை பட்டிருக்கும் என்று அவர் சொல்லி முடித்துவிடுகிறார். அப்புறம் லண்டனிலிருந்து வருகிற துப்பறியும் போலீஸ்காரர் சார்ஜென்ட் கஃப், ரோஜாச் செடிப் பைத்தியம், அந்த ஈஷலைத்தான் பிடித்துக்கொள்கிறார். சாயம் எத்தனை மணிக்கு உலர்ந்திருக்கும், அது யார் துணியில் பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டு, வீட்டுச் சலவை நோட்டைக் கொண்டுவரச் சொல்கிறார்!

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் அப்பத்தாவிடமும் அப்படி ஒரு சலவை நோட்டு உண்டு, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அண்ணன் கல்யாணத்தில் அயித்தையின் ஏழுகல் வைரத்தோட்டில் ஒன்று காணாமல் போய்விட்டது. வளவு (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) நிறையச் சொந்தக்காரர்கள், பத்தியெல்லாம் (தாழ்வாரமெல்லாம்) மெத்தை. அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. வீட்டின் பின்பக்கத்து மூன்றாங்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டு மடியைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். ஈரக் கையோடு அவர் மடியை உதறினார், இரண்டு கொட்டைப்பாக்கும் ஒரு நாலணாவும் விழுந்தன. மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. பதினைந்து நாள் கழித்துச் சலவைக்காரர் ஒரு மெத்தை உறையின் மூலையிலிருந்து அந்தத் தோட்டை எடுத்துக் கொடுத்தார். அப்பத்தா நோட்டில் மெத்தை உறை என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டார்கள், அவ்வளவுதான். அந்த அக்கா வீட்டுக்குப் போய் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நாவலில் ரோசன்னா என்று ஒரு வேலைக்காரி வருகிறாள். முன்பு திருட்டுக்காகச் சிறைக்குப் போய்வந்தவள், அதனால் சந்தேகம் அவள் பக்கமும் திரும்புகிறது. கெட்டிக்காரரான கஃப் கூட அவள் விஷயத்தில் பாதியைத்தான் சரியாகக் கண்டுபிடிக்கிறார். அவள் முடிவை இங்கே எழுதப் போவதில்லை. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, செட்டிநாட்டு ஆட்களுக்கு மட்டும் கண்ணில் படுகிற சங்கதி. திருடியவர் அந்தக் கல்லை லண்டனில் ஒரு வட்டிக்கடைக்காரரிடம் அடகு வைக்கிறார். இருபதாயிரம் பவுண்டு பெறும் என்று சொல்லப்படுகிற கல்லுக்குக் கடன் இரண்டாயிரம், ஒரு வருடம் கழித்து மூவாயிரமாகத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் கல் போச்சு. நூற்றுக்கு மாதம் நாலு வட்டிக்கும் மேலே வருகிறது! ஐயா காலத்துக் கணக்குப்பிள்ளை கேட்டிருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பார்.

குறையும் இருக்கிறது. அபினை வைத்துக் கடைசியில் ஒரு முடிச்சை அவிழ்க்கிறார்கள், அது எனக்கு அவ்வளவாக நம்பும்படி இல்லை, கீல்வாத வலிக்கு அபின் மருந்து குடித்துக்கொண்டே எழுதியவர் என்பதால் காலின்ஸுக்கு அது சகஜமாகப் பட்டிருக்கலாம். நடுவில் கொஞ்சம் இழுவை. ஆனால் வீட்டுக் காரியஸ்தர் பெட்டரெட்ஜ் பேசும் பகுதிகளை இரண்டு தடவை படித்தேன். மனசு சரியில்லை என்றால் மனிதர் 'ராபின்சன் குரூசோ' நாவலைத் திறந்து, கண்ணில் படுகிற வரியை வாக்காக எடுத்துக்கொள்கிறார், நம் வீடுகளில் தேவாரத்தில் கயிறு சாத்திப் பார்ப்போமே, அதே மாதிரி.

கல்லைத் தேடி இந்தியாவிலிருந்து கடல் தாண்டிய மூன்று பிராமணர்களை அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் வில்லன்களாக்கித்தான் முடிப்பார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. கடல் கடந்ததால் ஜாதியை இழந்தவர்கள், காரியம் முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் யாத்திரை போகிறார்கள், இனி ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது. ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, கடல் கடந்து போனவரின் பேத்தி நான், அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்ட முடியவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கொடுப்பதற்கு முன்னால் பேரனின் ரப்பரை வாங்கி அந்தப் பென்சில் எழுத்தை அழித்தேன். பெயர் போய்விட்டது, அடிக்கோடு இரண்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்.