அரையாண்டு நிறைவில் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவடைந்தன. தடகளப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுள்ளனர். அவர்களுக்கும் துணைநின்ற ஆசிரியர்களுக்கும் என் பாராட்டுகள். திருத்திய விடைத்தாள்கள் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வழங்கப்படும்.

இத்துடன் இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியுள்ளது. ஆண்டுவிழா ஒத்திகையின்போது, ஆட்டிசம் உள்ள நம் பள்ளிப் பிள்ளை ஒருவர் ஒலிபெருக்கியின் இரைச்சல் தாங்காமல் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்து அழுததை யாரோ கைப்பேசியில் படமெடுக்க, அது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டது. அதன்பின், அப்பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடும்படி சிலர் என்னிடம் நேரில் கேட்டுக்கொண்டனர். தம் பிள்ளையின் படிப்பு தடைபடுமோ என்ற அவர்களுடைய கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும், ஆட்டிசம் தொற்றுவதன்று. வளர்ப்புக் குறையால் வருவதுமன்று. தடுப்பூசியால் வருகிறது என்று குழுவில் சுற்றிய செய்தியும் தவறானது: அந்த அச்சத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டால், நாம் பொருட்படுத்தாத ஓசையும் வெளிச்சமும் ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குத் தாங்க முடியாத வேதனையாகிவிடுகின்றன. அன்று நாம் கண்டது அடம் அன்று. ஒலிபெருக்கி போடப்போவதை முன்கூட்டியே சொல்லி, அப்பிள்ளையை அமைதியான இடத்துக்கு அழைத்துச் செல்லாதது எங்கள் தவறு. அதற்கு நானே பொறுப்பு.

வகுப்பறையில் அத்தவறு நேர்வதில்லை. அன்றைய பாடவேளைகள் படங்களாகச் சுவரில் இருக்கின்றன. மணி அடிக்கும் முன்பே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். சத்தம் மிகும்போது நூலகத்தின் ஒரு மூலை அப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறது. ஜூன் மாதத்தில் பத்து நிமிடம் அமர இயலாதிருந்தவர் இப்போது முழுப் பாடவேளையும் அமர்கிறார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகப் பொறுத்திருக்க அவ்வகுப்புப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டார்கள். வளர்ந்தபின் ஒரு வேலையில் நிலைப்பதற்கும், துணையின்றிப் பேருந்தில் போய்வருவதற்கும், மனம்விட்டுப் பேச ஒரு நண்பர் இருப்பதற்கும் வேண்டிய பழக்கம் இந்த வயதில், பக்கத்து இருக்கைப் பிள்ளையோடுதான் தொடங்குகிறது. தனியே ஒதுக்கி வைத்துவிட்டு அதைப் பின்னாளில் புகட்ட முடியாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைகளைப் பட்டியலிட்டு, பாகுபாடின்றிச் சேர்த்துக் கற்பிக்கும் கடமையை அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கு விதிக்கிறது. எனவே அப்பிள்ளை இங்கேயேதான் படிப்பார். இதில் பேச்சுக்கு இடமில்லை. அக்காணொளியை வைத்திருப்போர் இன்றே அழித்துவிட வேண்டும். பள்ளி வளாகத்தில் எந்தப் பிள்ளையையும் அனுமதியின்றிப் படமெடுப்பதை இனி நிர்வாகம் பொறுத்துக்கொள்ளாது.

கடுமையாக எழுத நேர்ந்ததில் எனக்கு வருத்தமே. தங்கள் ஐயங்களைத் தயங்காமல் என்னிடம் கேளுங்கள். ஜனவரி மாதப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நம் சிறப்பாசிரியரும் தங்களுடன் பேசுவார். பிறந்தநாளுக்கு வகுப்புத் தோழர்களை அழைக்கும்போது அப்பிள்ளையையும் அழையுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். காணொளி வந்த அன்றிரவே அதை நீக்கும்படி குழுவில் கேட்ட பெற்றோர்களுக்கும், மறுநாள் அப்பிள்ளையின் தாயாரைத் தேடிச் சென்று பேசியவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்